ஆயிரத்து நாற்பத்தாறு

அத்தானை மன்னித்துவிடும்படி பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் சொன்னார். ஓம் ஃபாதர் என்றேன். பொய்தான். பாவத்தைச் சொல்லப் போன இடத்தில் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டு வந்தேன். அப்போது என் கைப்பைக்குள் புதிதாக வாங்கிய ஹைட்ரோமீற்றர் ஒன்று, உடைந்துவிடாமல் ஒரு கம்பளிக் காலுறைக்குள் கிடந்தது. மன்னிக்கிற எண்ணம் உள்ளவள் அதை வாங்கியிருக்க மாட்டாள்.

அத்தான் என்றால் என் கணவரின் அண்ணன். இருபத்திரண்டு வருஷம் ஜேர்மனியில் இருந்துவிட்டு, பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கட்டும் என்று லண்டன் குட்மேய்ஸுக்கு வந்து சேர்ந்தவர். குளியலறைகளுக்கு ரைல்ஸ் பதிக்கிற தொழில். கெட்டிக்காரர், அதை இல்லையென்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். ஆனால் வாயைத் திறந்தால் ஜேர்மனிதான். அங்கே பாண் பாணாக இருக்குமாம், ரோட்டு ரோட்டாக இருக்குமாம். பியரைப் பற்றிப் பேச்சு வந்தால் கேட்கவே வேண்டாம். அந்த நாட்டுப் பியர் முழுவதையும் தானே நின்று வடித்த மாதிரிக் கதைப்பார்.

நாங்கள் இருப்பது கிங்ஸ்பரியில். என் கணவர் பஸ் ஓட்டினார். பத்து வருஷமாக அவருக்குச் சீனி வருத்தம்; குளிசையில் சமாளித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன், குளிசை எண்ணுவதும் பாணி மருந்து அளப்பதும்தான் என் நாள். அவர் ஷிப்ட் இல்லாத நாட்களில் கடை பியர் ரின் ரின்னாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. சொல்லிப் பார்த்தேன், சண்டை பிடித்தும் பார்த்தேன், சரிவரவில்லை. குடிக்கத்தான் போகிறார் என்றால் என் கையால் வடித்ததைக் குடிக்கட்டும் என்று முடிவெடுத்தேன். முளைவிட்ட பார்லியின் இனிப்பு முழுவதையும் ஈஸ்ட் தின்று தீர்த்துவிட்டால், மிஞ்சுகிற பியர் இனிப்பில்லாமல், லேசாக இருக்கும். பின்பக்கக் கண்ணாடி அறையில் ஒரு வாளியும் மூடியும் வைத்துத் தொடங்கினேன். சனிக்கிழமை ஒரு கிளாஸ், ஞாயிறு ஒரு கிளாஸ், அதற்கு மேல் இல்லை என்று சட்டம். 'பொம்பிளை பியர் வடிக்கிறாளாம்' என்று கோவிலில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் மனுசனுடைய இரத்தத்தில் சீனி இறங்கிக்கொண்டு வந்தது, எனக்கு அது போதும்.

பிறகுதான் அவருடைய ஐம்பத்தைந்தாவது பிறந்தநாள் வந்தது. ஆகஸ்ட் மாதத்து மத்தியானம், பின்வளவில் இறைச்சி சுடுகிறோம், கோவில் ஆட்கள் முப்பது பேராவது இருப்பார்கள். என் பியரை ஒரு மேசையில் வைத்திருந்தேன். அத்தான் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு காருக்குப் போய் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். அதற்குள் ஒரு சாண் நீளத்தில் ஒரு குழாய். ஒரு முனையில் கண்ணாடி. அதில் ஒரு துளியை விட்டு, மறுமுனையில் கண்ணை வைத்து வெளிச்சத்தைப் பார்த்தால், திரவத்தில் நூற்றுக்கு எவ்வளவு சீனி என்று உள்ளே ஒரு கோடு காட்டும். ஜேர்மனியில் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் கொடுத்ததாம்.

"ஆறரை," என்றார். எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னார். "மச்சாள், உங்கட பியரில ஆறரை சீனி நிக்குது. இது பியர் இல்லை, சீனித்தண்ணி. சீனி வருத்தக்காரனுக்கு இதையே பருக்கிறியள்? என்ர தம்பியைப் படுக்கையில கிடத்திப்போட்டுத்தான் விடுவியள் போல."

சிலர் சிரித்தார்கள். ஒரு அன்ரி கையில் இருந்த கிளாஸை மெதுவாக மேசையில் வைத்தார். நான் சுடுகிற இடுக்கியோடு நின்றேன். அதுவரை நான் எதையும் அளந்ததில்லை. குமிழி நின்றால் முடிந்தது, நாக்கில் இனிக்காவிட்டால் சரி, இவ்வளவுதான் என் கணக்கு. மருந்துக்கடையில் ஐந்து மில்லி பாணிக்குக் கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்க்கிற நான், வீட்டில் மட்டும் குத்துமதிப்பில் வடித்திருக்கிறேன். என் கணவரைப் பார்த்தேன். அவர் தன்னுடைய கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றோடு என் பியரை அவர் தொடவில்லை.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அத்தான் அடுத்த கிழமையே ஒரு பெட்டி மோல்ட் கொண்டுவந்து இறக்கினார். ஜேர்மனியில் இருந்து வருகிற, கறுப்பு நிற, மதுசாரம் இல்லாத பானம். அரை லீற்றர் போத்தல்கள். எங்கள் ஆட்களுக்கு மோல்ட் என்றால் மருந்து. ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்கப் போனால் ஒரு ரின் மோல்ட் மாவோடுதான் போவோம். பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான், ஒப்பரேஷன் செய்தவனுக்கும் அதுதான். "இதில சாராயம் ஒரு சொட்டும் இல்லை, முழுக்கச் சத்து," என்றார் அத்தான். என் கணவர் காலையில் ஒன்று, வேலை முடிந்து வந்து ஒன்று என்று தொடங்கினார். பெட்டி முடிய அடுத்த பெட்டி வந்துவிடும். எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. எனக்கு அப்போது வேறு வேலை இருந்தது. நான் கறுவிக்கொண்டிருந்தேன்.

ஹைட்ரோமீற்றர் என்பது அடியில் பாரம் வைத்த ஒரு கண்ணாடிக் குண்டு, மேலே மெல்லிய தண்டு, தண்டில் கோடுகள். உயரமான, ஒடுங்கிய ஒரு ஜாடியில் திரவத்தை ஊற்றி அதை மிதக்க விட வேண்டும். வெறும் தண்ணீரில் ஆயிரத்தில் நிற்கும். சீனி கரைந்திருந்தால் தண்டு மேலே எழும்பும், ஆயிரத்து ஐம்பது, அறுபது என்று. ஈஸ்ட் சீனியைத் தின்னத் தின்ன நாளுக்கு நாள் கீழே இறங்கும். கேட்க லேசாகத்தான் இருக்கும். நான் அதோடு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதலில் பச்சைத் தண்ணீரிலேயே ஆயிரத்து இரண்டு காட்டியது. என்னுடைய கருவியே இரண்டு கோடு பிழை. அதனால் ஒவ்வொரு தடவையும் இரண்டைக் கழிக்க வேண்டும் என்று கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பில் எழுதினேன். அது சரிதானா என்று பார்க்க நூறு கிராம் சீனியைத் தொள்ளாயிரம் கிராம் தண்ணீரில் கரைத்தேன். ஆயிரத்து நாற்பது வர வேண்டும், நாற்பத்திரண்டு வந்தது, இரண்டைக் கழித்தால் சரி. பிறகு சூடு. இருபது பாகைக்கென்று செய்த கருவி; அடுப்பால் இறக்கிய கையோடு அளந்தால் குறைத்துக் காட்டும், குளிர் நாளில் கண்ணாடி அறையில் அளந்தால் கூட்டிக் காட்டும். வாளியில் தண்ணீர் சேர்த்துவிட்டு நன்றாகக் கலக்காமல் மேலால் அள்ளி அளந்து, ஒரு கிழமை முழுவதும் பிழையான எண்ணை நம்பிக்கொண்டு திரிந்தேன். திரவம் தண்டோடு ஒட்டிக் கொஞ்சம் ஏறி நிற்குமே, அந்த ஏறின விளிம்பைப் பார்க்கக் கூடாது, கீழே நிற்கிற மட்டத்தைப் பார்க்க வேண்டும். அது மட்டும் கடைப் பழக்கத்தால் முதல் நாளே கைவந்தது.

மார்கழிக்குள் என் பியர் ஆயிரத்து ஆறில் வந்து நின்றது. மூன்று நாள் தள்ளிப் பார்த்தாலும் அதே ஆறு. அதாவது சீனி என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. அப்படியென்றால் அத்தானுடைய குழாய் எப்படி ஆறரை சொன்னது? பியர் வடிக்கிறவர்கள் எழுதுகிற இணையப் பக்கங்களைத் துருவினேன். ஒரே மாலையில் கிடைத்தது. அந்தக் குழாய் சீனியைப் பார்ப்பதில்லை. வெளிச்சம் எவ்வளவு வளைகிறது என்று மட்டும்தான் பார்க்கிறது. சீனியும் வளைக்கும், மதுசாரமும் வளைக்கும். புளிக்காத சாற்றுக்கு அது சரியாகச் சொல்லும். புளித்து முடிந்த பியரில் பொய் சொல்லும். திராட்சைத் தோட்டத்தில் பழத்தைப் பிழிந்து பார்க்கிற சாமானை என் பியருக்குள் விட்டுவிட்டு, முப்பது பேருக்கு முன்னால் என் முகத்தில் கரி பூசியிருக்கிறார்.

அன்றைக்கே ரெலிபோன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும்? 'அப்பிடியோ மச்சாள்' என்பார், வைத்துவிடுவார். முப்பது பேருக்கு முன்னால் பூசியதை ரெலிபோனில் கழுவ ஏலுமா? அத்தானுக்கு ஜூன் மாதம் அறுபதாவது பிறந்தநாள் வருகிறது. அதே ஆட்கள் வருவார்கள். அவருடைய வீட்டில், அவருடைய குழாயை, அவருடைய கையாலேயே பிடிக்க வைப்பேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

தவக்காலம் வந்தது. அந்த நாற்பது நாளும் பியர் வடிப்பதில்லை என்று நான் வைத்திருந்தேன். கை சும்மா இருக்கவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தேன்: தோடம்பழச் சாறு, தேத்தண்ணி, இளநீர்ப் பெட்டி. இரண்டாவது வெள்ளி, வேலைக்குப் போன என் கணவர் பாதி குடித்துவிட்டு வைத்துப்போன மோல்ட் போத்தல் மேசையில் இருந்தது. விளையாட்டாகத்தான் அளக்கிற ஜாடியில் ஊற்றினேன். தண்டு துள்ளிக்கொண்டு ஆயிரத்து ஐம்பத்தைந்துக்கு எழும்பியது. காஸ் குமிழிகள் கண்ணாடியில் ஒட்டி மேலே தூக்குகின்றன என்று விளங்கியது. இரண்டு ஜக் எடுத்து, தேத்தண்ணி ஆற்றுவதுபோல் இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் நுரை அடங்குமட்டும் ஆற்றினேன். திரும்ப ஊற்றினேன். நாற்பத்தெட்டு. இரண்டைக் கழித்தேன்.

ஆயிரத்து நாற்பத்தாறு. நான் கரைத்துப் பார்த்த சீனித்தண்ணியைவிடக் கூட. ஒரு போத்தலில் பத்துத் தேக்கரண்டிச் சீனிக்குக் குறையாது, ஒரு நாளைக்கு இரண்டு போத்தல், ஆறு மாதமாக.

கதிரையில் இருந்துவிட்டேன். ஐயோ என் மனுசன் என்று முதலில் நினைத்தேன் என்றுதான் எழுத ஆசை. ஆனால் முதலில் வந்தது அது இல்லை. 'அகப்பட்டியள் அத்தான்' என்பதுதான் முதலில் வந்தது. சந்தோஷம். காது வரைக்கும் சூடேறுகிற சந்தோஷம். கொப்பியை எடுத்து அன்றைய நாளையும் எண்ணையும் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

அவர் வேலையால் வந்தார், போத்தலில் மிச்சம் எங்கே என்று கேட்டார். கொட்டுப்பட்டுப்போச்சு என்றேன். அவர் புதிதாக ஒன்றை உடைத்தார்.

உயிர்ப்புத் திருநாள் முடிந்து அவருக்கு இரத்தச் சோதனை. இரத்தத்தில் ஒட்டியிருக்கிற சீனியின் எண் அறுபத்தொன்றிலிருந்து எழுபத்திரண்டுக்கு ஏறியிருந்தது. நேர்ஸ் நல்ல பிள்ளை, ஆனால் முகத்தை இறுக்கமாக வைத்திருந்தாள். ஜூலையில் திரும்பச் சோதிப்போம், இறங்காவிட்டால் இன்சுலின் ஊசி தொடங்க வேண்டும் என்றாள். ஊசி தொடங்கினால் பஸ் ஓட்டுவதை உடனே நிறுத்த வேண்டும். எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பெரிய டொக்டர் பார்த்து எழுதி, லைசென்ஸ்காரர்கள் சம்மதிக்கும்வரை ஸ்டியறிங்கைத் தொட ஏலாது. அது மாதக்கணக்காகலாம், கிடைக்காமலும் போகலாம். இருபது வருஷமாக பஸ்ஸைத் தவிர வேறு தெரியாத மனுசன் இவர். புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன குடிக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். பியரை விட்டுவிட்டேன், சோற்றைக் குறைத்துவிட்டேன் என்றார். மோல்ட்டை அவர் சாப்பாட்டிலும் சேர்க்கவில்லை, குடியிலும் சேர்க்கவில்லை. அது சத்து.

நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். என் வாயில் ஒரு சொல் இருந்தது. சொல்லவில்லை.

ஜூன் நடுவில் அத்தானுடைய பிறந்தநாள், ஜூலை நடுவில் சோதனை. பிறந்தநாளன்று உண்மையை உடைத்துவிட்டால் அதற்குப் பிறகு நாலு கிழமை மோல்ட் இல்லை, எண் இறங்கிவிடும். இப்படித்தான் கணக்குப் போட்டேன். அந்தச் சோதனை ஒரு நாளின் சீனியைப் பார்ப்பதில்லை, மூன்று மாதத்துச் சராசரியைப் பார்க்கிறது. மருந்துக்கடையில் நிற்கிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். கடைக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அந்த நேரம் அது எனக்குத் தெரிய விருப்பமில்லை. மனச்சாட்சிக்காக இடையிடையே சில போத்தல்களை ஒளித்தேன், சோற்றை இன்னும் ஒரு பிடி குறைத்தேன். அவர் பசியோடு மோல்ட் குடித்தார்.

பிறந்தநாள் மத்தியானம் குட்மேய்ஸில் நல்ல வெயில். நான் என் பியரில் இரண்டு போத்தல், காலுறைக்குள் ஹைட்ரோமீற்றர், ஜாடி, இரண்டு ஜக், கொப்பி எல்லாம் ஒரு பையில் கொண்டுபோனேன். சாப்பாடு முடிந்து ஆட்கள் பின்வளவில் இருந்தபோது அத்தானிடம் பணிவாகப் போனேன்.

"அத்தான், உங்கட குழாயை ஒருக்கா எடுங்கோ. என்ர பியர் இப்ப எப்பிடி எண்டு பாப்பம்."

அவருக்குச் சந்தோஷம். ஓடிப்போய் எடுத்துவந்தார். பியரில் ஒரு துளி விட்டுப் பார்த்தார். "ஆறு," என்றார். "கொஞ்சம் முன்னேறியிருக்கிறியள்." சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் கையில் இருந்த விஸ்கி கிளாஸைக் காட்டினேன்.

"இதில சீனி இருக்கோ அத்தான்?"

"விஸ்கியில என்ன சீனி? ஒரு சொட்டும் இல்லை."

"அப்ப அதையும் ஒருக்கா பாருங்கோவன்."

பார்த்தார். குழாயைத் திருப்பினார். கண்ணாடியைத் துடைத்து, புதிதாக ஒரு துளி விட்டு, வெயிலுக்கு நேரே பிடித்துத் திரும்பப் பார்த்தார். குழாயை அவர் கையிலிருந்து வாங்கிப் பக்கத்தில் நின்ற அன்ரியிடம் கொடுத்தேன், அன்றைக்குக் கிளாஸைக் கீழே வைத்த அதே அன்ரி. "பதினைஞ்சில நிக்குது," என்றார் அவர்.

"விஸ்கியில பதினைஞ்சு சீனியோ அத்தான்? ஜேர்மனியில அப்பிடியோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் விடவில்லை. மதுசாரம் அந்தக் குழாயை எப்படி ஏமாற்றுகிறது என்று நிதானமாகச் சொன்னேன். ஹைட்ரோமீற்றரை என் பியரில் மிதக்கவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினேன், ஆயிரத்து ஆறு. பிறகு அத்தானுடைய பெட்டியிலிருந்து ஒரு மோல்ட் போத்தலை உடைத்து, ஜக்குக்கு ஜக் ஆற்றினேன். நீட்டி ஆற்றினேன். அவசரமே படவில்லை. மதுசாரம் இல்லாததால் இதில் இரண்டு கருவியும் ஒத்துப்போகும் என்றேன். அவருடைய குழாய் பதினொன்றுக்கு மேல் சொன்னது. என்னுடையது ஆயிரத்து நாற்பத்தாறு சொன்னது. கொப்பியைத் திறந்து அதே எண்ணைக் காட்டினேன்.

"இப்ப சொல்லுங்கோ. என்ர மனுசனுக்குச் சீனித்தண்ணி பருக்கினது ஆர்?"

பத்து மாதம் இந்த ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அத்தானுடைய முகம் வெளுத்துப்போனது. "சத்தியமா எனக்குத் தெரியாது மச்சாள்," என்றார். "வருத்தக்காரருக்கு நல்லது எண்டுதான் குடுத்தனான்." தன் அறுபதாவது பிறந்தநாளில் ஒரு மூலைக் கதிரையில் போய் இருந்தார். நான் சாமான்களைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்தேன். அன்றைக்குப் போல் ஒரு நாளும் நான் நிமிர்ந்து நடந்ததில்லை.

திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். கொப்பி என் கணவரின் மடியில் இருந்தது. அரைவாசித் தூரத்தில் கேட்டார்:

"மோல்ட்டை எப்ப அளந்தனீர்?"

"போன கிழமை."

அவர் கொப்பியைத் திறந்துவைத்திருந்ததை நான் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தவக்காலம், இரண்டாம் வெள்ளி," என்று வாசித்தார். "உம்மட எழுத்துத்தான்." அந்த எண்ணில் விரலை வைத்து, "அப்ப நேர்ஸ் கேக்கேக்க உமக்குத் தெரியும்," என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

ஜூலையில் எண் எழுபத்தாறு. ஊசி தொடங்கியது. டிப்போவுக்குப் போய்த் தானே சொல்லிவிட்டு, பஸ்ஸில் பயணியாக வீட்டுக்கு வந்தார். லைசென்ஸ் கடிதங்கள் இன்னும் அங்கும் இங்கும் போய்க்கொண்டிருக்கின்றன. இப்போது காலையில் கண்ணாடி அறையில் இருந்து விரலைக் குத்திச் சீனி பார்க்கிறார். எழுதிவைக்க என்று ஒரு புதுக் கொப்பி வாங்கிக் கொடுத்தேன். "இதில இடம் கிடக்கு," என்று என்னுடையதை எடுத்துக்கொண்டார். இரண்டு கோடு போட்ட அந்த எண்ணுக்குக் கீழே தன்னுடைய எண்களை எழுதிக்கொண்டு வருகிறார்.

அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். சோதனை நாட்களில் வேலையை விட்டுவிட்டு வந்து தம்பியைக் காரில் கூட்டிப்போகிறார். இரண்டு தடவை என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார். போன ஞாயிறு என் கணவர் விரலைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்து சொன்னார்:

"மச்சாள், நீங்கள் அண்டைக்குப் பிடிச்சிருக்காட்டி இவன் இன்னும் எத்தனை மாதம் குடிச்சிருப்பான். கண்ட உடன சொல்லிப்போட்டியள். நீங்கள்தான் இவனைக் காப்பாத்தினது."

அந்த மனுசன் மேல் எனக்கு அந்த நிமிஷம் வந்த ஆத்திரம், சீனித்தண்ணி என்று சொன்ன நாளில்கூட வந்ததில்லை. என் கணவரைப் பார்த்தேன். அண்ணனிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை, இத்தனை நாளும் சொல்லியிருக்கவில்லை. அன்றைய எண்ணை எழுதினார். கொப்பியை மூடி என் பக்கம் தள்ளினார்.

"அண்ணை பசியோட இருக்கிறார்," என்றார். "சாப்பாட்டைப் போடும்."